மாமன் இல்லாத நாடகம்

அன்பு மச்சானுக்கு,

உலகத்தில் ஒருவரும் நம்பாத கதையைச் சொல்லப்போகிறேன், சத்தியமாக. அங்கேயும் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருப்பாய். பேனாவை மூடிவிட்டுக் கேள்.

நீ எழுதிய இசை நாடகத்தைப் போன வாரம் சிதம்பரத்தில் போட்டார்கள். கூட்டம் குமராட்சி வரைக்கும் நின்றது. மீனவப் பெண்ணாக உன் மகள் கயல். கப்பல் கேப்டனாகப் பாண்டிச்சேரி வெள்ளைக்காரர் ஒருவர். அவர் காதல் பாட்டுப் பாட, கடலூர் துறைமுகத்து நங்கூரமெல்லாம் தானாக மேலே எழுந்ததாம்.

ஆனால் என்ன அநியாயம் மச்சான் இது! அவளைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போனவன், வேறொரு பெண்டாட்டியோடு வந்து இறங்குகிறான். அவனை ஒருவரும் கேட்கவில்லை. இவள் அழுது பாடிவிட்டுக் கடலுக்குள் நடக்க வேண்டுமா? அவளுக்கு ஒரு தாய்மாமனை எழுத உனக்குத் தோன்றவில்லையா? கயலுக்குக் காது குத்தியபோது நான் வர நேரமாக, "மச்சான் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படக்கூடாது" என்று ஆசாரியையே நிறுத்திவைத்தவன் நீ. ஊசிக்கு மாமன் வேண்டும், சாவுக்கு வேண்டாமா?

மேடையில் நீலத்துணியை ஆட்டிக் கடலாக்கினார்கள். கயல் அதை நோக்கி நடந்தாள். பக்கத்தில் உன் வீட்டுக்காரி, என் தங்கை வசந்தா, என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அவரு போயிச் சேந்து இன்னும் வருஷம் திரும்பல. இவளும் சாவுறத எப்டிண்ணே பாப்பேன்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினேன்.

"யோவ் கேப்டன்! மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன், யாரக் கேட்டுய்யா எம்பொண்ண உட்டுட்டுப் போன?"

"மாமா, எறங்கு மாமா! மானம் போவுது!" என்று பல்லைக் கடித்தாள் கயல்.

"மானம் போனா போவட்டும். நீ போவாத."

"உடாத மாமா! ஜாஸ்தி பேசுனான்னா துடுப்ப எடு!" என்று பின்வரிசையில் ஒரு மீன்காரம்மா எழுந்தார்.

கடலைச் சுருட்டி அக்குளில் இடுக்கினேன். கேப்டன் நீந்தியே ஐரோப்பா சேர்ந்தான். அவன் பெண்டாட்டி நம் கட்சிக்கு வந்து, இப்போது நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டுகிறாள்.

அடுத்து கடலூரில் போடுகிறார்கள். உன் எழுத்தில் ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். ஆனால் இந்த நாடகம் எந்த ஊரில் நடந்தாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

சரி, புளுகுதான். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம்: அன்றைக்கு நம் பெண் கடலில் இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே, அம்மாவிடம் இறங்கி வந்தாள்.

இப்படிக்கு,
நீ எழுத மறந்த தாய்மாமன்,
உன் மச்சான்.