காணாமப் போன கிடாயும் நான் சொன்ன மூணு பொய்யும்

ஜூலை 16, புதன்

காத்து அடிக்குது, மழை இல்லை. கேட்டுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன்.

போன்ல மைக்கை அமுக்கிப் பேசுனா எழுத்தாயிரும்னு கிரேஸ் மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால என் ரகசியம் எனக்கே தெரியாது. நல்லது.

கிரேஸ் மிஸ் சர்ச் பாலர் பள்ளிக்குப் பெரிய மிஸ். நான் கேட்டுக் காவல். நாளைக்குப் பாடம், காணாமப் போன ஆடு. புள்ளைங்களுக்கு நெஜ ஆடு காட்டோணுமாம். தோட்டத்து நாச்சிமுத்து அண்ணங்கிட்டப் போய்க் கேட்டேன். அவரு பேத்தி யாழினி நம்ம பள்ளியிலதான் படிக்குது.

ஒரு கிடா இருக்குது, மேச்சேரி இனம். ஆனா முனியப்பனுக்கு நேந்து விட்டது. வர்ற செவ்வாக்கெழமை கோயில் நோம்பி, அன்னைக்கு வெட்டோணும்.

"ஏசு பாடத்துக்கு முனியப்பன் ஆடா?"ன்னு சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கலை. "சாமிக்குச் சொன்ன உசுரு, சாமுவேலு. ஒரு மசுரு கொறையாம வரோணும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டாந்து கட்டிடறனுங்கண்ணா."

வாக்குக் குடுத்துட்டேன்.

ஜூலை 17, வியாழன்

வெயில். கிடாயை ஏரிக்கரை மேல நடத்தியே கூட்டியாந்தேன். வழியெல்லாம் நின்னு நின்னு பாத்துக்கிட்டு வந்துச்சு.

சார்ட்டுல மிஸ் பஞ்சு ஒட்டி வெச்சிருக்கற ஆடு வெள்ளை வெளேர்னு இருக்குது. இது செவலை, வழவழன்னு தோல். புள்ளைங்க ஏத்துக்கலை. ஒண்ணு கையைத் தூக்கிச் சொல்லுது: "மிஸ், இது ஆடு இல்ல. மட்டன்."

நூறு ஆட்டுல ஒண்ணு காணோம், மேய்ப்பன் மத்ததை விட்டுட்டு அதைத் தேடிப் போனான்னு மிஸ் சொன்னாங்க. முப்பத்தொரு புள்ளையும் ஒண்ணாக் கை தட்டுச்சு. கிடா மெரண்டுச்சு. கயித்தை அத்துக்கிட்டுக் கேட்டைத் தாண்டி ரோட்டுல. நானும் பின்னால. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வால் தெரிஞ்சுது, அப்புறம் வாலும் இல்லை.

திரும்பி வந்தா மிஸ் கேட்டுல நிக்கறாங்க. ரெண்டு புள்ளைங்க எதிர் பேக்கரியில பன்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சாம்.

"தாத்தா, முப்பத்தொரு புள்ளைங்களைத் தெறந்த கேட்டுல விட்டுட்டு ஒரு ஆட்டுக்குப் பின்னாடி ஓடுனீங்களா?"

"அந்த மேய்ப்பனும் அப்படித்தானுங்களே மிஸ் போனான்."

மிஸ் பூட்டை எடுத்து என் கையில வெச்சாங்க. அப்புறம், "கேட்டைப் பூட்டுங்க"ன்னாங்க.

சாயங்காலம் நாச்சிமுத்து அண்ணன் போன். கிடா எப்படி இருக்குது?

"நல்லா இருக்குதுங்க. இப்பத்தான் தழை போட்டேன்."

முதல் பொய்.

ஜூலை 18, வெள்ளி

மேகம். விடியறதுக்குள்ள சைக்கிளை எடுத்தேன். தேடுன எடம்: ஏரிக்கரை, சந்தைப்பேட்டை, லாரிப் பட்டறை, ரெண்டு கறிக்கடை. கறிக்கடையில தோலை மட்டும் பாத்தேன், தலையைப் பாக்கத் தெம்பு இல்லை. நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்துப் பக்கம் மட்டும் போகலை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?

காலை ஜெபத்துல ஆளுக்கு ஒரு வரி. "ஏசப்பா, ஆடு லாரியில அடிபடக் கூடாது." "ஏசப்பா, ஆட்டுக்குப் பன்னு குடுங்க." யாழினி முறை வந்துச்சு.

"ஏசப்பா, ஆடு எங்க ஊட்டுக்கு வந்துருச்சு. தேங்க்ஸ்."

மிஸ்ஸுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பாருங்க தாத்தா. கெடைக்கறதுக்கு முன்னாலயே நன்றி சொல்லுது. இதுதான் விசுவாசம்." எல்லாரும் ஆமென் சொன்னோம்.

எனக்குப் பொறாமை. வயசு எழுபத்தி மூணு. ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்குப் போதகர் போட்டிருந்த செருப்பு கூட ஞாபகம் இருக்குது, வாரு அறுந்து ஊக்குப் போட்டிருந்தாரு. எனக்கு இந்த விசுவாசம் இல்லையே.

மத்தியானம் யாழினி கேட்டுப் பக்கம் வந்து நின்னுச்சு. "தாத்தா, ஆடு பருத்திக்கொட்டை தின்னுச்சு."

"திங்கட்டுஞ் சாமி. உன் வாக்குப் பலிக்கட்டும்"னேன்.

டீக்கடையில நாச்சிமுத்து அண்ணன் நேராவே புடிச்சுட்டாரு. "புதுசா எடம் மாறுனா எளைச்சுப் போகுமே?"

"எளைக்கறதா? கொழுத்துருச்சுங்கண்ணா."

"அப்படியா"ன்னாரு. டீக்கு அவரே காசு குடுத்தாரு. வடையும் வாங்கிக் குடுத்தாரு.

ரெண்டு.

ஜூலை 19, சனி

லீவு. தூத்தல். கால் வீங்கிப் போச்சு. மறுபடியும் ஏரிக்கரை.

மிஸ் போன் பண்ணாங்க. "கர்த்தர் பாத்துக்குவாரு தாத்தா, நம்புங்க."

"நம்பறனுங்க மிஸ். ஆனா சார்ட்டைப் பாத்துட்டு அவரு வெள்ளை ஆட்டைத் தேடிக்கிட்டு இருந்தா?"

மிஸ் சிரிச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

ரிக் வண்டியில போர்க் கெணறு போடப் போன காலத்துல என்னைய ஒரிசாவுல ஒரு மொட்டைக் காட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு நாள் ஜெபம் பண்ணுனேன். மூணாம் நாள் வண்டி வந்துச்சு. எனக்காக இல்லை. ஸ்பேனர் பை எங்கிட்ட இருந்துச்சு. ஆனாலும் வந்துச்சு இல்ல?

அதே மாதிரி முழங்கால் போட்டேன். ஆண்டவரே, ஆடு உங்களுது இல்லை, தெரியும். வாக்கு என்னுது.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல வெயில். ஆராதனை முடிஞ்சு நேராத் தோட்டத்துக்கு. உண்மையைச் சொல்லிடறதுன்னு முடிவு. வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்: அண்ணா, ஆட்டைத் தொலைச்சுட்டேன், வேற கிடா வாங்கித் தாரேன்.

நாச்சிமுத்து அண்ணன் கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. "வா சாமுவேலு. கிடா எங்க?"

வாயைத் தொறந்தேன். வந்தது வேற. "புள்ளைங்க விட மாட்டேங்குதுங்கண்ணா. நாளைக்கு ஒரு நாள் வெச்சிருந்து..."

பட்டிக்குள்ள இருந்து "மே"ன்னு ஒரு சத்தம்.

ஏசுவைத் தெரியாதுன்னு பேதுரு மூணு தடவை பொய் சொன்னதும் அவருக்குச் சேவல் கூவுச்சு. எனக்குக் கிடா கத்துச்சு.

"வியாழக்கெழமையே வந்துருச்சு. அறுந்த கயித்தை இழுத்துக்கிட்டு நேராத் தொட்டியில தண்ணி குடிச்சுது. அதுக்கப்புறந்தான் உனக்குப் போன் போட்டேன்."

"அண்ணா..."

"நீ எத்தனை நாளைக்குத் தழை போடறேன்னு பாக்கலாம்னு இருந்தேன். ஏய்யா, யாழினி பள்ளிக்கூடத்துல சொல்லலையா?"

"சொல்லுச்சுங்க. நாங்க ஆமென் சொல்லிட்டோம்."

கட்டில் ஆட ஆடச் சிரிச்சாரு. உள்ள இருந்து யாழினி ஓடியாந்து, "நாந்தான் சொன்னேன்ல தாத்தா"ன்னுச்சு. கிடா என்னையப் பாத்து அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. முழுசா இருந்துச்சு, ஒரு மசுரு கொறையலை.

கெளம்புனேன். "செவ்வாக்கெழமை கறிச்சோத்துக்கு வந்துரோணும்"னாரு.

"சாமிக்குப் படைச்சது நாங்க திங்கறதில்லைங்கண்ணா. வேதத்துல கூடாதுன்னு இருக்குதுங்க."

"பொய்யி மட்டும் சொல்லலாமா?"

செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.