விரலை எடுத்தாலும் எரிய வேண்டும்

ராஜபாளையம்,
14-11-1938

அன்புள்ள மகன் ஞானதுரைக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் வீடும் மாடும் சுகமாயிருக்கிறோம். நீ அங்கே மலைக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்க்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, ஆகையால் இதைக் கண்டதும் இரண்டு வரியாவது எழுதிப் போடு. உன் அக்கா செல்லத்தாய்க்கு ஆலங்குளத்தில் மறுபடியும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். என் வாய்க்குப் பயந்துதானோ என்னவோ அன்னாள் என்று என் பெயரையே வைத்துவிட்டார்கள், மாப்பிள்ளைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை என்று கேள்வி. இங்கே அடைமழை. அடுப்படி ஓடு போன வருஷம் ஒழுகின இடத்திலேயே ஒழுகுகிறது. கொத்தனைக் கூப்பிட்டால் மழை விடட்டும் என்கிறான், மழை விட்டால் இப்போதுதான் ஒழுகவில்லையே என்பான். கறுப்புப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. நீ இருந்தால் சீம்பால் காய்ச்சித் தந்திருப்பேன், இல்லாததால் தெருவுக்கெல்லாம் கொடுத்தாயிற்று.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. விடியுமுன்னே தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக் களத்துக்குப் போய் ஆள் கணக்கு எடுக்க வேண்டியிருக்கிறது, அரிக்கன் விளக்கு மலைக்காற்றில் நிற்கவில்லை, வழியெல்லாம் சரிவு, ஒரு பாட்டரி லைட் வாங்கலாம் என்றிருக்கிறேன், கடையில் பல தினுசு வைத்திருக்கிறான், கணக்கப்பிள்ளைச் சம்பளத்துக்கு எது சரிப்பட்டு வரும், அப்பா வைத்திருந்த மாதிரியே ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் பதிலுக்குச் சுணக்கம். லைட் வாங்கு, கட்டாயம் வாங்கு. ஆனால் அப்பா வைத்திருந்த மாதிரி வாங்காதே.

தெரியாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. இதற்கென்றே மோட்டார் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் காளிராஜ் கடைக்குப் போய், இருக்கிற லைட்டையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தேன். நான் வாங்க வரவில்லை என்று தெரிந்ததும் காளிராஜ் தன் கடைக் கணக்குப் பிள்ளையிடம் தெலுங்கில் ஏதோ முனகினார், இத்தனை வருஷம் ராஜபாளையத்தில் இருப்பவளுக்கு அது புரியாது என்ற எண்ணம் போலிருக்கிறது. மகனுக்கு, கடல் தாண்டி இருக்கிறான் என்று சொன்ன பிறகு மனுஷன் இளகி எல்லாம் விளக்கமாய்ச் சொன்னார். மூன்று பாட்டரிக் கட்டை போடுகிற நீள லைட் உனக்கு வேண்டாம், அது அடுத்த மலையைக் காட்டும், உன் காலடியைக் காட்டாது, தீருகிறபோதெல்லாம் ஒரு கட்டை கூடுதலாய் வாங்க வேண்டும். இரண்டு கட்டை லைட் போதும். உடம்பு பித்தளையாய் இருக்கட்டும், மேலே நிக்கல் பூசியிருந்தாலும் அடியில் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் தெரிய வேண்டும். தகரம் மலிவுதான், உங்கள் மலைப் பனியில் ஒரு மழைக்காலம் தாங்காது. முகப்புக் கண்ணாடி மூடியைத் திருகினால் வழுக்காமல் இறுகவேண்டும், உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார். சிலதில் அடிமூடிக்குள் இன்னொரு பல்பு வைத்திருக்கிறான், அது இருந்தால் நல்லது. கடை வாசலில் வைத்து எரித்துக் காட்டினால் எல்லா லைட்டும் நன்றாய்த்தான் தெரியும், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் அடித்துப் பார், நடுவில் கறுப்பு வட்டம் விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். கட்டையை மட்டும் பழைய சரக்காய் வாங்காதே, அடி பொதபொதவென்று இருந்தால் ஆகாது. உங்கள் அப்பா தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து வைத்து எரிப்பார், அந்த வேலையெல்லாம் செய்யாதே. லீவில் வரும்போது கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வா, இல்லாவிட்டால் உள்ளே ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

இதெல்லாம் இருந்தும் ஒன்று இல்லையென்றால் அந்த லைட்டைத் தொடாதே. சுவிட்சைத் தள்ளிவிட்டால் நீ விரலை எடுத்த பிறகும் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் எரியும், எடுத்தால் அணைந்துவிடும் என்கிற தினுசு ஒன்று மலிவாய்க் கிடைக்கிறது. உங்கள் அப்பா வைத்திருந்தது அதுதான். எனக்கு உபதேசியார் சம்பளம், எனக்கு இது போதும் என்று அதை வாங்கிவந்தார். அதிலும் கட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஒரு வெட்டு அடிப்பார், அணைப்பார், அந்த வெளிச்சத்தில் பார்த்த தூரத்தை இருட்டில் நடப்பார், மறுபடி ஒரு வெட்டு அடிப்பார். கூட நடந்து எத்தனையோ தடவை நான் கல்லில் இடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மடையில் வழுக்கி விழுந்து, மழையில் கிடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் உனக்குப் போன வருஷம் எழுதினோம். அது பொய்யில்லை, முழுசும் இல்லை. நீ தனியாய் அங்கே இருந்துகொண்டு எதையாவது நினைத்து உருகுவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது நீ லைட் வாங்கப் போகிறாய், இனி சொல்லாமல் இருக்க முடியாது.

அன்றைக்குச் சேத்தூர்ப் பக்கம் ஜெபக்கூட்டம் முடித்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கண்மாய்க் கரை மேலே வந்திருக்கிறார். மடைக் கல் பாசி பிடித்திருந்தது, விழுந்ததில் இடுப்பு ஒடிந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் சமுத்திரம் குடிசை. உனக்குத் தெரியுமே, அந்த மடையைத் திறந்து அடைக்கிற வேலை அவனுக்கு. அவன் வாசலில் இருந்தான், அவன் பெண்சாதி மாரியாத்தாளும் இருந்தாள். அப்பா லைட்டை அடித்துக் காட்டியிருக்கிறார். மழையில் விரல் நிற்கவில்லை, எரிகிறது, அணைகிறது. அரிக்கன் வெளிச்சம் என்றால் மஞ்சளாய், நடைக்குத் தகுந்தபடி ஆடி ஆடி வரும், அது மனுஷர் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். இது வெள்ளையாய், நின்ற இடத்திலேயே மின்னுகிறது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று நினைத்துவிட்டார்கள். அதைக் கண்டால் தன் வீட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும், அது தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும், பதில் கொடுத்தால் போயிற்று என்பது இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு சொல்லிக் கொடுத்திருப்பது. அப்பா, ஏலே சமுத்திரம், நான்தாம்லே என்று கூப்பிட்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் குற்றமாய்ப் போயிற்று. கூப்பிடக் கூப்பிட உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழைக்குச் சேத்தூரிலேயே தங்கிவிட்டார் என்று நானும் தேடவில்லை, விடிந்து மடை பார்க்க வந்த சமுத்திரம்தான் அவரைக் கண்டு அலறி, தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

இதில் பாதி மாரியாத்தாள் பிறகு சொன்னது, பாதி ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது அப்பா என்னிடம் சொன்னது. ஏட்டி, அவனைக் கோவிச்சுக்கிடாத, வெரலு வெறைச்சுப் போச்சு, கைய எடுத்தா அணைஞ்சுபோற லைட்டு, அவன் என்ன செய்வான் என்றார். கோபப்படாதே என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், கோபம் எனக்கல்லவா இருந்தது. அவர்களுக்காக ஜெபிக்க என்று முழங்கால் போடுவேன், வாய் வராது, எழுந்துவிடுவேன்.

இது போதாதென்று இந்த ஆவணியிலிருந்து கரை மேல் வெளிச்சம் தெரிகிறது என்று ஊரில் பேச்சு. பொழுது அடைந்ததும் வருகிறது, எரிகிறது, அணைகிறது, மடைப் பக்கம் வந்து நிற்கிறது, உபதேசியார்தான் நடக்கிறார் என்றார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பெண்டுகள்கூடக் கரை வழியை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றி வந்தார்கள். இந்த ஊருக்காக முழங்கால் தேய ஜெபித்த மனுஷனைப் பிசாசாக்கிவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் கொல்லைக் கதவில் நின்று பார்த்தேன், நிஜமாகவே தெரிந்தது. ஒரு வெட்டு, இருட்டு, பிறகு தள்ளி ஒரு வெட்டு. மகனே, அது உங்கள் அப்பா நடை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நம் வேதத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கு நானே சொன்னபோது ஏறவில்லை. அவராய் இருந்தால் மழையில் எதற்கு நிற்க வேண்டும், வீட்டுக்கு வரட்டும் என்று தோன்றியதும் பயம் போய்விட்டது. அப்பா லைட்டை எடுத்துக்கொண்டு கரை மேல் ஏறினேன்.

அங்கே நின்றது சமுத்திரம். கையில் அதே தினுசு மலிவு லைட். என்னைக் கண்டதும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவனை அடித்துவிடலாம் போல வந்தது எனக்கு. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். உபதேசியாரம்மா, அன்னைக்கு அவிய கூப்புட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு, கேக்காதவன் மாதிரி இருந்துட்டேன், இப்பம் பொழுதடைஞ்சா காதுக்குள்ள அதே சத்தந்தான், வேற யாரும் விழுந்து கெடந்து கூப்புட்டா எனக்குத் தெரியணுமின்னுதான் வாரேன், எம்புட்டு நேரம் கெடந்தாகளோன்னு நெனைச்சா தூக்கம் இல்ல என்றான். ஏன் அணைத்து அணைத்து வருகிறாய் என்று கேட்டேன், கட்டை தீந்துபோகும்லா என்றான். இவன் வெளிச்சத்தைக் கண்டு ஊரெல்லாம் கதவைச் சாத்துகிறது, முதல் நாள் மாரியாத்தாளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்க மாட்டேன் என்றாளாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஏலே, நீ விழுந்தாலும் ஒருத்தரும் வர மாட்டார்களே என்றேன். வர மாட்டாகதான் என்றான். இரண்டு பேரும் லைட்டை அணைக்காமல் வீடு வரைக்கும் வந்தோம். அன்றைக்குத்தான் அவர்களுக்காக ஜெபிக்க எனக்கு வாய் வந்தது.

ஆகையால் லைட் ஒன்றுக்கு இரண்டாய் வாங்கு. மாதத்துக்கு ஒன்றாய் வாங்கினாலும் சரி. ஒன்று உனக்கு, ஒன்று சமுத்திரத்துக்கு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. எனக்கு வேண்டாம், அப்பாவுடையது இருக்கிறது. அவன் லைட்டில் கட்டை ஒழுகிவிட்டது என்று கொண்டுவந்து கொடுத்தான், கழற்றித் துடைத்து என் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன், கட்டை இல்லை. அவனும் போன வாரத்திலிருந்து குளிர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான், கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். முந்தாநாள் சனிக்கிழமை, பொழுது அடைந்த நேரம், மடைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. எரிந்தது, அணைந்தது. சமுத்திரம் படுக்கையில். அவன் லைட் என் அலமாரியில். தெருவில் கதவு சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாய்க் கேட்டது. நான் சாத்தவில்லை. அப்பாவுடைய லைட்டை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, யாரு, யாரு என்று கூப்பிட்டேன். வந்தவருக்கு வழி தெரியட்டும் என்று அழுத்திய விரலை எடுக்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெருவிரல் விறைத்து நழுவ ஆரம்பித்தது, எவ்வளவு முயன்றாலும் நிற்கவில்லை, என் லைட்டும் எரிகிறது, அணைகிறது. அப்பா அன்றைக்கு எப்படிக் கிடந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வெளிச்சம் பிறகு வரவில்லை. விடிந்ததும் போய் மடையைச் சுற்றிப் பார்த்தேன், யாரும் விழுந்து கிடக்கவில்லை. அது யார் என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. ராத்திரி ஜெபம் முடிகிற வரைக்கும் கொல்லைக் கதவு இனிமேல் திறந்துதான் இருக்கும்.

நீ கம்பளியை மறக்காமல் போர்த்திக்கொள், அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் சாக்குச் சொல்லாதே. உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காக்கவேண்டும், உன் கால் சறுக்காதபடி அவருடைய தூதர்கள் உன் பக்கத்தில் நடக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ லைட்டை அணைக்காமல் நட, கட்டை தீர்ந்தால் தீரட்டும். போகிற வழியில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தால் திரும்பி ஓடாதே. கிட்டப் போய் யாரென்று கேள், பயப்படுகிறதாயிருந்தால் அதற்குப் பிறகு பயப்படு.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
ஏ. அன்னாள்