கால் கிராம் ஜிப்சம்

மல்லாபூர்
18.7.1979

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலையா?

நேற்று என் வகுப்பில் ஒரு வேடிக்கை. நூறு மில்லி நீரில் ஜிப்சம் உப்பு எவ்வளவு கரையும் என்று பார்த்தோம். கரைசலை வடிகட்டி, வற்றக் காய்ச்சி, மிச்சத்தை எடை போட்டோம். புத்தகத்தில் கால் கிராம். எங்களுக்கு அரை கிராம். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்ததால் கிணற்று நீரை ஊற்றியிருந்தேன். அந்த நீரை மட்டும் காய்ச்சினேன். அடியில் வெள்ளைப் பொருக்கு, கிணற்றின் வேறு உப்புகள்.

தலைமையாசிரியர் துரைராஜ் சாரிடம் காட்டினேன். "புக்குல கால் கிராம்னா அதையே எழுதச் சொல்லும்மா. வேற பேச்சு நக்கோ" என்றார். நக்கோ என்றால் இங்கே வேண்டாம். நாற்பது பிள்ளைகளும் அழித்துவிட்டு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் அறைக்கும் அதே கிணறுதான். முடி கொட்டுகிறது, சீயக்காய் அனுப்புங்கள். பெல் அடித்துவிட்டது. தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்டால், ஒத்துக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள்.

மகள்
ஐவி