தொள்ளாயிரம் அடிக்கு எதிரே

தம்பி,

இன்று ஆஸ்பத்திரியில் என் நாக்கின் கீழ் ஒரு கண்ணாடிக் குச்சியை வைத்துச் சூடு பார்த்தார்கள். வாயைத் திறக்கக் கூடாதாம். எனக்கு அது எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் நீ இதைவிடப் பெரிய குச்சியோடு இறங்கி, எத்தனை அடியில் எத்தனை சூடு என்று குறித்து வருவாய். சுரங்கத் துரைக்கு அனுப்ப அதை நல்ல காகிதத்தில் எடுத்தெழுதுவது என் வேலை. ஒருநாள் மேலே f(x) என்று போட்டிருந்தாய்.

"இன்னாடா இது, ரெண்டையும் பெருக்கணுமா?"

"இல்லக்கா. எக்ஸ்னா ஆழம். எஃப்னா, ஆழத்தைக் குடுத்தா சூட்டைச் சொல்ற விதி. ஒரு ஆழத்துக்கு ஒரே சூடுதான் சொல்லணும்."

"ரெண்டு ஆழத்துல ஒரே சூடு இருந்தா?"

"இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப நட்சத்திரம் மாதிரி! ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ஆனா ரோகிணியில நம்ம லைன் வீடுங்கள்லயே பத்துப் பேரு."

"காலேஜுல எனக்கு இது புரிய ஒரு வருசம் ஆச்சுக்கா!" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. அடுத்த வாரக் காகிதத்தில் தொள்ளாயிரம் அடிக்கு எதிரே ஒன்றும் இல்லை. எண்ணூறில் எண்பத்தாறு டிகிரி, ஆயிரத்தில் தொண்ணூறு. நீ மறந்துவிட்டாய் என்று, முருகனை நினைத்துக்கொண்டு, நடுவில் எண்பத்தெட்டு போட்டேன். அதை நம்பித் துரை பன்னிரண்டு பேரை அடுத்த ஷிஃப்டில் அங்கே இறக்கச் சொல்லிவிட்டார்.

"அங்க நான் போவவே இல்லக்கா! அந்த எஃபுக்கு ஒரு எல்லை இருக்கு, நான் அளந்த ஆழம் மட்டுந்தான். தொள்ளாயிரம் அதுக்குள்ளயே இல்ல!"

செருப்பில்லாமல் ஓடினாய். ஆள் இறக்கும் கூண்டு புறப்பட மணி அடிக்குமுன் அவர்களை நிறுத்திவிட்டு, பிறகு நீயே போய் அளந்தாய். காற்று போகாத இடம், நூற்று நான்கு; வேலை செய்தால் ஆளே சுருண்டு விழும் சூடு. துரையிடம் தப்பு உன்னுடையது என்றாய். உனக்கு வரவேண்டிய மேல் உத்தியோகம் வேறொருவருக்குப் போனது. என்னைத் திட்டவே இல்லை.

"அளக்காத எடத்தை வெறுமனே வுட்டுடுக்கா," என்றாய், அவ்வளவுதான்.

நீ கண்ணை மூடியதிலிருந்து உன் மனைவி கேட்கிறாள்: "அவரு இப்ப எங்க இருப்பாரு அண்ணி? அங்க நல்லா இருப்பாரா?"

முன்பென்றால் கைலாசத்தின் வாசற்படி வரை வர்ணித்திருப்பேன். இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியலம்மா" என்கிறேன். சாமி கும்பிடுவதை விடவில்லை, தம்பி. இட்டு நிரப்புவதை மட்டும் விட்டுவிட்டேன்.