முட்டை உடைத்த பாவம்

உறுவையாறு
4.2.2025

அன்புள்ள ஜெயா,

நான் போன் செய்தால் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்கிறாள், நீ உடனே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

வயிற்றில் பிள்ளையோடு தினமும் லேபில் கோழி முட்டையை உடைத்து, துடிக்கிற குஞ்சு இதயத்தை வெட்டிப் பார்த்தாய். "அந்தப் பாவந்தான் கொழந்த நெஞ்சுல ஓட்டையா வந்து நிக்குது" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்வது தப்புதான். ஆனால் ஆராய்ச்சியை நீ விட்டால் அவள் வாய் அடங்கும். நானே குருவிநத்தத்துக்கு, உன் அம்மா வீட்டுக்கு வந்து உங்களை அழைத்துவருகிறேன்.

உன்
அன்புராஜ்

குருவிநத்தம்
9.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பா பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுகிறாள். எடை ஏறவில்லை. இந்த மாதமே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லேபில் இன்னா பண்றேன் என்று கல்யாணமானதிலிருந்து நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது நானே சொல்கிறேன். முட்டைக்குள் கரு வளரும்போது, இதயத் தசையாகப் போகிற செல்கள் தானாக அப்படி ஆவதில்லை. அவற்றை ஒட்டியே இன்னொரு அடுக்கு இருக்கும். அது பின்னால் குடலாகும். இதயமாகு என்று அங்கிருந்துதான் சிக்னல் வரும். முதுகுத்தண்டாகப் போகிற பக்கத்திலிருந்து வேண்டாம் என்று வேறொரு சிக்னல் வரும். அந்தக் குடல் அடுக்கை எடுத்துவிட்டு வளர்த்தேன், துடிப்பே வரவில்லை. சேர்த்து வளர்த்தேன், துடித்தது. அன்றைக்கு நான் அழுதேன், சந்தோஷத்தில்.

நம் குழந்தைக்கு எந்த இடத்தில் எது தவறியது என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் முட்டை உடைக்கிறேன். இனிமேலும் உடைப்பேன். பாவம் என்று சொல்கிற வூட்டுக்கு என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

ஜெயசித்ரா

உறுவையாறு
13.2.2025

ஜெயா,

திரும்பத் திரும்பப் படித்தேன். உன் மேல் தப்பில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மாசி மகத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்கிறாள். கொஞ்சம் அனுசரித்துப் போயேன்.

அன்புராஜ்

குருவிநத்தம்
2.3.2025

அன்புராஜுக்கு,

நான் தள்ளிப்போடவில்லை. டாக்டர் சொன்ன நாளில் கையெழுத்துப் போட்டேன். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்கு வந்தோம். பாப்பா இப்போது முழுசாகப் பால் குடிக்கிறாள், பசித்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறாள்.

ஆபரேஷன் அன்று மதகடிப்பட்டில் இருக்கும் உங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தீர்கள். தியேட்டர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது உங்கள் அம்மா போன் செய்தார்கள். என் கையை விட்டுவிட்டு, "கடைலதான் கீறேன்மா" என்றீர்கள்.

உங்கள் அம்மா மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. நம்புவதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நீங்கள் நம்பாததற்குத் தலையாட்டுகிறீர்கள்.

அடுத்த மாதம் லேபுக்குத் திரும்புகிறேன். பாப்பாவை என் அம்மா பார்த்துக்கொள்வாள். நாங்கள் உறுவையாறு வரவில்லை. மகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கதவு திறந்திருக்கும். ஆனால் எங்கே போகிறீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜெயசித்ரா