ஏறாமல் கீறிய ஓடை

பப்புவா நியூகினி
12.08.1986

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். நீரும் பிள்ளையும் மாமியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். குருநகர்ப் பக்கம் இப்போது அமைதியா?

இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மலைக்காட்டில் ஆறுகள் தொடங்கும் இடங்களை அளந்து வரைபடம் கீறுகிறோம். போன மாதம் மழைக்கும் களைப்புக்கும் பயந்து ஒரு முகட்டுக்கு ஏறாமல், அங்கே ஓடை இருப்பதாக ஊகத்தில் கீறிவிட்டேன். அதை நம்பி, தண்ணீரைக் குறைவாக எடுத்துக்கொண்டு, எங்கள் தலைமை அளவையாளர், கரவெட்டித் தம்பிஐயா அண்ணை, இரண்டு கூலியாட்களுடன் போன கிழமை போனார். அங்கே வெறும் பாறைதான். ஒன்றரை நாள் வெயிலில் தண்ணீரில்லாமல் அலைந்து, உதடு வெடித்துத் திரும்பினார்கள்.

"நான்தான் படத்தைப் பிழையாப் பாத்திட்டன்" என்று அண்ணை கூலியாட்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. ஐந்து நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன்.

இன்று காலை, "அண்ணை, அது நான் ஏறிப் பாக்காமல் கீறினது" என்றேன்.

அவர், "என்னட்டைச் சொல்லிப்போட்டாய். அவையளிட்டையும் போய்ச் சொல்லு" என்றார்.

சொன்னேன். படத்தைத் திருத்த நாளை அந்த முகட்டுக்கு நான் ஏற வேண்டும். கூலியாட்களில் மூத்தவர் தன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தந்தார். வாங்கக் கை கூசியது.

அட்டைக்கடிக்குப் பூச வேப்பெண்ணெய் கொஞ்சம் அனுப்பும். கடிதத்தின் அடியில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதட்டும். கோயிலடியில் என்னைப் பெருமையாகக் கதைக்க வேண்டாம்.

தபால் எடுக்க ஹெலிகொப்டர் வந்துவிட்டது.

உம்முடைய
சூசைநாயகம்