தானே இறுகும் இணைப்பி

அன்பிற்குரிய தேவகிக்கு,

நலமாகவே உள்ளேன், நீயும் மகள் கயல்விழியும் நலந்தானே? நான் வேலைக்கு வந்த இந்நாட்டின் நிலநடுக்கச் செய்தி கேட்டு என்னை உடனே திரும்பச் சொல்கிறாய். அஞ்சாதே.

நாங்கள் எழுப்பும் மரக்கட்டடம் உலர உலரச் சுருங்கும். அதை அடித்தளத்தோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் தொய்யும். கம்பிகளை இணைக்கும் கருவியோ, உள்ளிருக்கும் சுருள்வில்லால் அத்தொய்வைத் தானே இறுக்கிக்கொள்கிறது! நம் தறியில் பாவு நூல் தொய்ந்தால் இறுக்கும் பழக்கத்தில் நான் அதை முறுக்கப் போனேன்.

"இன்னாபா, பிள்ளையார்பாளையத்துத் தறின்னு நெனச்சிக்கினியா? கைய எடு, அதுவே பாத்துக்கும்!" என்று சிரித்தார் உடன் பணியாற்றும், நம்மூர்ப் பக்கத்துக் கூரம் கிராமத்து அர்ஜுனன்.

அன்றே நிலம் நடுங்கியது. கட்டடம் அசைந்தது, ஒரு கம்பியும் தளரவில்லை. நடுக்கம் நின்றதும் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.

பணி முடியாமல் வர இயலாது. கயல்விழியின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்தனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். சென்ற முறை அனுப்பிய அளவு இதற்குள் சிறிதாகியிருக்கும்.

பணிக்கு அழைத்துச்செல்லும் வண்டி வந்துவிட்டது.

உன்
மணிமொழியன்